ஜோனா ஹெக்ஸ்

ஜோனா ஹெக்ஸ் என்பவர் அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் வெளியிட்ட கௌபாய் வரைகதைகளின் நாயகன் ஆவார். 1972 இல் எழுத்தாளர் ஜான் அல்பானோவும் பிலிப்பைன்சைச் சேர்ந்த ஓவியர் டோனி டிசூனிகாவும் இவரை உருவாக்கினர். உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைவீரராக இருந்த ஹெக்ஸ், பின்னர் பரிசுத்தொகைக்காகக் குற்றவாளிகளை வேட்டையாடுகிறார். அவரது முகத்தின் வலப்பாதி சிதைந்தது.

1978 இல் வந்த சிறப்பிதழ் இவரது முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டது. அதில் 1904 இல் முதிய ஹெக்ஸ் சுட்டுக் கொல்லப்படுகிறார். அவரது உடல் பதப்படுத்தப்பட்டுக் காட்சிப்பொருளாகிறது.

காலப் பயணம்

1985 இல் பழைய தொடர் 92 இதழ்களுடன் நின்றது. அதன் எழுத்தாளர் மைக்கேல் பிளைசரே தொடர்ந்து எழுதிய 'ஹெக்ஸ்', நாயகனை அணுப்போரில் அழிந்த 2050 ஆம் ஆண்டுக்குக் கொண்டுசென்றது. 18 இதழ்களே வந்த இத்தொடரின் இறுதியில் ஹெக்ஸ் பதப்படுத்தப்பட்ட தன் உடலையே காண்கிறார். தாம் என்றாவது சொந்தக் காலத்துக்குத் திரும்புவது உறுதி என்பதற்கு அந்தச் சாவே அவருக்குச் சான்றாகிறது.

துப்பறியும் கதை

2011 இல் தொடங்கிய 'ஆல் ஸ்டார் வெஸ்டர்ன்' தொடரில், 19 ஆம் நூற்றாண்டின் கோத்தம் நகரில் மருத்துவர் அமேடியஸ் ஆர்க்கமுடன் சேர்ந்து தொடர்கொலைகளைத் துப்பறிகிறார். பின்னர் அதே தொடரில் இன்றைய கோத்தமுக்கும் வந்து சேர்கிறார்.