துன்பத்தின் சொற்கள்: நிக்கோபார் மறைமொழிபெயர்ப்பு வரலாற்றில் ஒரு நோக்கு

துன்பத்திற்குக் கிறித்தவ நம்பிக்கை தரும் பொருளை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அதனை இறையியல் சிக்கலாகவே கண்டனர். மொழிபெயர்ப்பாளனுக்கோ அது முதற்கண் ஒரு சொற்சிக்கல். ஒரு மக்கள் துன்பத்தைக் குறித்து எழுப்பிவந்த வினா ஒன்றாகவும், மறைநூல் விடையளிக்க முற்படும் வினா வேறாகவும் இருக்குமாயின், சொல்லுக்குச் சொல் வைத்துப் பயனில்லை. இந்நிலை நிக்கோபார் தீவுகளில் எவ்வாறு தோன்றியது என்பதை இக்கட்டுரை நோக்குகிறது. தமிழகத்தார்க்கு இவ்வரலாற்றில் பங்குண்டு.

தரங்கம்பாடியை அடுத்து வாழ்ந்த மொரேவியச் சகோதரர் சிலர் 1768இல் நன்கௌரித் தீவில் குடியேறினர். தீவுக் காய்ச்சல் ஒருவர்பின் ஒருவராக அவர்களை மாய்த்தது. 1787இல் பணி கைவிடப்பட்டது. அங்குத் தொண்டாற்றிய ஹென்சலின் மடல்கள் 1812இல் ஆங்கிலத்தில் அச்சேறின. சமயப் பொருளைத் தீவினர் மொழியில் எடுத்துரைக்கும் தேர்ச்சி அச்சகோதரர்க்கு வாய்க்கவில்லை.

அடுத்த நூற்றாண்டில் கமோர்ட்டாவில் பணிபுரிந்த டி ரோப்ஸ்டார்ஃப் என்னும் டேனியர் பதிவு செய்த வழக்கம் ஒன்று மொழியியலார் கருத்துக்குரியது. இறந்தார் பெயரை உறவினர் வாயால் சொல்லுதல் ஆகாது. இறந்தவர் பெயர் 'நெருப்பு', 'கோழி' போன்றதொரு பொதுச்சொல்லாக இருந்துவிட்டால், அப்பொதுச்சொல்லும் விலக்கப்பட்டு வேறு சொல் புனையப்படும். இவ்வழக்கம் வரலாறு உருவாதலையே தடுக்கும் என்று அவர் வியந்தார். அவர் 1883இல் கமோர்ட்டாவில் கொலையுண்டார். நன்கௌரி மொழி அகராதி மறுஆண்டு கல்கத்தாவில் வெளிவந்தது. துயரம் இங்குச் சொல்லால் ஆற்றப்படவில்லை, சொல் நீக்கத்தால் ஆற்றப்பட்டது. சிலுவையில் மாண்ட ஒருவரின் பெயரை நாள்தோறும் உரக்கச் சொல்லும் சமயம் இத்தகைய மொழிச் சூழலில் நுழைவதன் அருமையை மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். (நன்கௌரிச் செய்தியைக் கார் நிக்கோபாருக்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் கூடாது. இரண்டும் ஆஸ்திரோ-ஆசிய இனத்து மொழிகளே எனினும் வேறுவேறானவை.)

கார் நிக்கோபாருக்கு 1890களின் நடுவில் அரசு முகவராகவும் உபதேசியாராகவும் வந்தவர் வேதப்பன் சாலமன் என்னும் தமிழர். மூஸ் ஊரில் பள்ளி நடத்திய அவர், ஆங்கிலத்தில் நாட்குறிப்பும் எழுதிவந்தார். தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்ட் டெம்பிள் வழியாக அதன் பகுதிகள் அறிஞருலகை எட்டின. அக்காலப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருவது 'பேய்க்கொலை' எனப் பெயரிடப்பட்ட வழக்கம். நோயும் சாவும் தொடர்ந்து நேருமாயின், அவற்றை ஏவியவர் என்று ஊரார் கருதிய ஒருவர் கொல்லப்படுவார். துன்பம் பற்றிய தீவினரின் வினா, 'யார் செய்தது?' என்பதாகும்.

ஆங்கிலேயர் இதற்கு இட்ட பெயரின் 'பேய்' என்னும் பகுதி ஆராயத்தக்கது. தமிழ்ச் சீர்திருத்தச் சபையாரின் விவிலியத்தில் 'பிசாசு' என்பது சாத்தானையும் குறிக்கும். ஊர்வழக்கில் ஆவியையும் குறிக்கும். 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு 'அலகை', 'பேய்' என்று இரண்டையும் பிரித்தது. தீவினரின் கருத்தோ இவ்விரண்டிலும் அடங்காது. அவர்கள் அஞ்சியது தம்மிடையே வாழ்ந்த அண்டை வீட்டானையே. ஒரு பெயர் தவறாக அமைந்தால் அதன்வழி நிகழும் விளக்கமும் தவறும் என்பதற்கு இது தக்க சான்று.

தமிழ்க் கிறித்தவ மரபில் வளர்ந்தவர்க்குத் துன்பத்தைக் குறிக்கும் தலையாய சொல் 'பாடு'. 'படு' என்னும் வினையடி நீண்டு அமைந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர் இது. கிறித்துவின் பாடுகள் என்கிறோம். உழவன் பாடுபடுகிறான் என்றும் சொல்கிறோம். நேர்வதைத் தாங்குதல், உழைத்தல் என்னும் இரு பொருளையும் அச்சொல் சுமக்கிறது. இலத்தீனில் பாடுகளைக் குறிக்கும் சொல்லும், ஐரோப்பிய இலக்கணத்தார் செயப்பாட்டு வினைக்கு இட்ட பெயரும் ஒரே அடியிற் பிறந்தவை. தமிழிலும் செயப்பாட்டு வினையை அமைப்பது அதே 'படு' என்பதே. இவ்வொற்றுமை தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்குக் கேளாமற் கிடைத்த பேறு. எனினும் 'வினை', 'ஊழ்' என்பவற்றின் நிழலிலிருந்து 'பாடு' விலகி நிற்பதற்கு அவர்கள் பெரிதும் உழைக்க வேண்டியிருந்தது.

யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரம் இங்கு நல்ல உரைகல். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவரா என்று வினவுகின்றனர். இரண்டுமன்று என்கிறார் இயேசு. தமிழ்ச் செவி இதில் முற்பிறப்பு வினையின் மறுப்பைக் கேட்கும். கார் நிக்கோபார்ச் செவிக்கோ இது வேறொன்றின் மறுப்பாகும்: காரணமானவன் என ஒருவனைத் தேடிப்பிடிக்கும் வழக்கத்தின் மறுப்பு. மூலம் ஒன்று, சொற்பொருளும் ஒன்று. ஆயினும் அது எதிர்க்கும் விளக்கம் இடந்தோறும் மாறுகிறது. நிகரன் காணும் முயற்சியில் இதனை நம்மவர் போதிய அளவு கருதவில்லை என்பது என் எண்ணம்.

சாலமனின் மாணவருள் ஒருவரான ஜான் ரிச்சர்ட்சன் பர்மாவில் மாந்தளையில் கல்வி பெற்று 1912இல் தாயகம் திரும்பினார். உரோம எழுத்தில் கார் மொழி எழுதப்படலாயிற்று. மறைநூற் பகுதிகள் 1913 முதல் அச்சேறின. ஒயிட்ஹெட் பாதிரியாரின் அகராதி 1925இல் இரங்கூனில் வெளிவந்தது. ஆயினும் கிறித்தவர் சிறுதொகையினராகவே இருந்தனர்.

1942இல் சப்பானியர் தீவுகளைக் கைப்பற்றினர். கட்டாய உழைப்பால் விமான தளம் அமைக்கப்பட்டது. போர் முடியும் தறுவாயில், 1945இல், பகைவர்க்கு உளவு சொன்னதாகக் குற்றஞ்சாட்டித் தீவினர் பலரை வதைத்தனர், பலரைக் கொன்றனர். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டார். இக்கொடுமைகள் பற்றிய போர்க்குற்ற விசாரணை 1946இல் சிங்கப்பூரில் நடந்தது. 'யார் செய்தது?' என்ற வினா இம்முறை படையாளரின் வாயிலிருந்து வந்தது. வதையின் வழியே பெயர்கள் பெறப்பட்டன.

போருக்குப் பின் சில ஆண்டுகளில் கார் நிக்கோபார் மக்களிற் பெரும்பாலோர் கிறித்தவராயினர். இதனைத் துன்பத்தின் நேர் விளைவு எனல் எளிது. ஆயின் பள்ளியும், எழுத்தும், தம்மவரே ஒருவரின் தலைமையும் முன்னரே இருந்தன என்பதை மறத்தலாகாது. வதைபட்டு மாண்ட குற்றமற்றவர் ஒருவரின் கதை, 1945ஐக் கடந்தவர்க்கு உரை வேண்டாது விளங்கியிருக்கும் என்ற அளவில் நின்றுகொள்வதே தகும்.

புதிய ஏற்பாடு முழுமையும் கார் மொழியில் 1950இல் வந்தது. அவ்வாண்டே ரிச்சர்ட்சன் துணைப் பேராயரானார், 1952இல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார், 1978இல் மறைந்தார். யோபு நூலை உள்ளிட்ட முழு விவிலியம் 1969இல் வெளிவந்தது. ஆக, பாடுகளின் வரலாறு முழுமையாகக் கிடைத்துப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்தே, துன்புற்றவனையே காரணமாக்கும் நண்பரோடு வழக்காடும் யோபுவையும் முழு விவிலியத்தில் தீவினர் தம் மொழியிற் படித்தனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தபோது, 1945இல் இல்லாத இச்சொல்வளம் அவர்களிடம் இருந்தது. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தையும் யோபு உரையாடல்களையும் கார் மொழிப் பதிப்பில் சொல்லடைவு செய்து ஒப்பிடும் பணி, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஆய்வாளருக்கே உரியது.