கடைசற் சிமிழும் கயிறு இழுத்தவனும்

கண்டி இராச்சியத்தின் கலைச் செல்வங்களைப் பற்றிப் பேச முற்படுவோர், தந்தச் செதுக்கல்களையும் வெள்ளிப் பேழைகளையும் விகாரைச் சுவரோவியங்களையுமே முதலிற் குறிப்பிடுவர். மரத்திற் கடைந்து அரக்குப் பூசிய சிமிழ் அவ்வரிசையிற் பின்னுக்கே நிற்கும். நூதனசாலையில் அதன் சிவப்பையும் மஞ்சளையும் கண்டு ஒரு கணம் வியந்து அப்பாற் செல்கின்றோம். ஆயினும், மன்னர் பெயர்களாலும் போர்களாலும் நிரம்பிய பாடநூல்கள் சொல்லாத வரலாறொன்றை அச்சிறு பாத்திரம் தன்னுள் அடக்கி வைத்திருக்கின்றது. அது உழைப்பின் வரலாறு.

மத்தினால் தயிரைக் கலக்குவதையும், உளியினால் மரத்தை உருட்டி எடுப்பதையும் தமிழ் 'கடைதல்' என்னும் ஒரே சொல்லாற் குறிக்கின்றது. இரண்டின் இயக்கமும் ஒன்றே. பழைய கடைசற் பட்டறையில் இரு கட்டைகளுக்கிடையே மரத்துண்டு கிடையாகப் பொருத்தப்படும். கயிறோ வாரோ அதனைச் சுற்றிச் செல்லும். அதன் இரு தலைகளையும் மாறி மாறி இழுக்க, மத்தைப் போலவே மரமும் முன்னும் பின்னுமாகச் சுழலும். உளியை நோக்கி மரம் சுழலும்போது மாத்திரமே வெட்டு விழும். எதிர்ப்புறம் சுழலும்போது உளி விலகிக் காத்திருக்கும். ஆகவே இழுப்பவரின் உழைப்பிற் பாதி வெட்டுக்கு உதவாமலே கழியும். சிறு பொருளாயின் தொழிலாளி தானே வில்லை இழுத்துச் சுழற்றலாம். பருமனான மரத்துக்கு இருவர் வேண்டும். ஒருவர் உளி பிடிப்பார். மற்றவர் கயிறு இழுப்பார்.

வெளிப்புறத்தை உருட்டி எடுத்தல் இத்தொழிலின் முதற் பாடம். உள்ளே குடைதலே சோதனை. ஈட்டிக் காம்பைக் கடையும்போது மரத்தின் இரு முனைகளும் பிடிபட்டிருக்கும். சிமிழைக் குடைவதற்கோ ஒரு முனையை விடுவித்தாக வேண்டும். மரம் ஒரு பக்கப் பிடியிலேயே நடுக்கமின்றிச் சுழல வேண்டும். வாய் குறுகி வயிறு அகன்ற பாத்திரத்தின் உட்சுவரை நேரான உளி எட்டாது. நுனி வளைந்த உளி வேண்டும். அந்நுனி வெட்டுமிடத்தைக் கண் காணாது. கையில் உணரும் அதிர்வையும் காதில் விழும் ஓசையையும் கொண்டே சுவரின் கனத்தை அறிய வேண்டும். சிறிது மிகுந்தாலும் சுவர் உடையும். அதுவரை செய்த வேலை விறகாகும். பச்சை மரம் கடைவதற்கு இலகுவானது. ஆனால் உலரும்போது அது எல்லாத் திசையிலும் ஒரே அளவிற் சுருங்குவதில்லை. வட்டவாய் நீள்வட்டமாகும், மூடி பொருந்தாது. ஆதலின் முதலிற் பருமனாகக் கடைந்து, உலரவிட்டுப் பின் மீண்டும் கடைந்து எடுப்பதே தேர்ந்தோர் வழக்கம்.

இனி அரக்கு. மரக் கொப்புகளில் வாழும் சிறு பூச்சியின் சுரப்பு அது. அதனைச் சூட்டில் இளக்கி, இழுத்தும் மடித்தும் அடித்தும் நிறப்பொடியை அதனுட் சேர்ப்பர். சுழலும் மரத்தின்மீது அரக்குக் கோலை அழுத்த, உராய்வின் வெப்பத்தாலேயே அது உருகிப் படியும். பின்னர் ஓலைத் துண்டினால் அழுத்தித் தேய்க்க, கண்ணாடிபோன்ற பளபளப்பு வரும். மாத்தளைப் பகுதியிலுள்ள ஹப்புவிடவில் இன்னொரு முறையும் உண்டு. சூடான அரக்கை நூலாக இழுத்து, நகத்தினாலேயே அழுத்திக் கொடியும் பூவும் அமைப்பது அது. நகத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லாலேயே அவ்வேலை பெயர் பெற்றது. நாம் வியக்கும் சிவப்பு, சாதிலிங்கம், மஞ்சள், அரிதாரம். முன்னதில் இரசமும் பின்னதில் பாஷாணமும் கலந்திருக்கின்றன. பிறர் கண்ணுக்கு விருந்தாகும் நிறங்களை ஆக்கியோர், நஞ்சைக் கையாற் பிசைந்தே அவற்றை ஆக்கினர்.

அவர்கள் யார்? அரக்குத் தொழிலாளரைச் சிங்கள மக்கள் 'ஈ-வடுவோ' என்று அழைத்தனர். 'ஈ' என்பது அம்பு. 'வடுவோ' என்பது தச்சர். போர்க்களத்துக்கு அம்பு செய்து கொடுத்த கையே அலங்காரச் சிமிழையும் ஆக்கிற்று என்பதை அப்பெயரே காட்டும். அரசனிடமிருந்தோ கோயிலிடமிருந்தோ நிலம் பெற்று, அதற்கு ஈடாகத் தொழிற்சேவை புரிவது அவர்கள் கடமை. இராசகாரியம் என்னும் அம்முறையிலே தொழில் பிறப்போடு வந்தது. நிலம் தொழிலோடு வந்தது. தொழிலை விட நினைத்தவன் நிலத்தையும் விடவேண்டியவனானான்.

இக்கைப்பணிகளை உலகறியச் செய்தவர் கொழும்பிலே 1877இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கனிப்பொருளாய்வுப் பணிப்பாளராக நாட்டைச் சுற்றிய அவ்வறிஞர், கண்டிநாட்டுக் கைவினைஞர்களின் பட்டறைகளில் நேரிற் கண்டவற்றை 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலில் 1908இல் வெளியிட்டார். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே அந்நூல் அச்சாயிற்று. வெளிவந்தவை 425 பிரதிகள். கைவினைஞரின் சமூக நிலையையும் தம் நூலின் ஆய்வுப் பொருளாக அவர் கொண்டமை போற்றத்தக்கது. சந்தையின் அவசரமின்றி, நிலத்தின் பாதுகாப்பில் அமர்ந்து வேலை செய்ததாலேயே அக்கலைஞனின் கை சிறந்தது என்பது அவர் வாதம். அந்நிய ஆட்சியும் மலிவுச் சரக்கும் அதனை அழித்தன என்பது அவர் குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டு மெய்யானதே. ஆனால் வாதத்தின் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். மொறிஸ் கைவினையை நேசித்தவர் மாத்திரமல்லர். சமதர்ம இயக்கத்தில் உழைத்தவர். உழைப்பில் இன்பம் வேண்டுமாயின் உழைப்பவன் சுதந்திரனாக இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. குமாரசுவாமி அவரிடமிருந்து கைவினையின் மேன்மையை முழுமையாக ஏற்றார். சாதியால் வகுக்கப்பட்ட ஒழுங்கையோ, குலைந்துபோன நல்லொழுங்காகவே கண்டார். நிலத்தின் பாதுகாப்பு உண்மை. அந்நிலத்தோடு பிணைத்த கட்டும் உண்மை. ஒன்றைப் புகழ்ந்து மற்றதை மறப்பது வரலாறாகாது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. அரசவை என்னும் ஆதரவு மறைந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விசாரணையைத் தொடர்ந்து 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. மனிதாபிமானம் மாத்திரம் அதற்குக் காரணமன்று. கட்டற்ற கூலியுழைப்பு அன்றைய முதலாளித்துவத்துக்குத் தேவைப்பட்டது. கோயில் நிலங்களிலோ சேவைக் கடமை தொடர்ந்தது; அதனைப் பணமாகச் செலுத்தும் வழியை 1870ஆம் ஆண்டின் சட்டமே திறந்தது. இவ்வாறு, கட்டிலிருந்து விடுபட்ட கடைசற்காரன், ஆதரவிலிருந்தும் விடுபட்டான். முன்னர் அவன் எசமானனை அறிந்திருந்தான். பின்னர் முகமறியாத வாங்குவோனுக்கு விலை குறைத்து விற்கவேண்டியவனானான். அவன் பெற்ற சுதந்திரத்திற் சோறு இருக்கவில்லை.

சுதந்திர இலங்கை இத்தொழில்களை முற்றாகக் கைவிட்டதெனக் கூறமுடியாது. தேசிய அருங்கலைகள் பேரவையை அமைக்கும் சட்டம் 1982இல் வந்தது. அரக்குச் சிமிழ் இன்று நினைவுப் பொருளாக உல்லாசப் பிரயாணியின் பெட்டியிலே கடல் கடக்கின்றது. எனினும், 'மரபுக் கலையைக் காப்போம்' என்று முழங்குவோரிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: காக்க நினைப்பது பொருளையா, அதைச் செய்யும் மனிதனையா?

கயிற்றின் இடத்தை மின்னியக்கி பிடித்தால் மரபு கெடுமென்று கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. நாள் முழுவதும் இழுத்து ஓய்ந்த தோள்களுக்கு அது விடுதலை. கை அறிந்த நுட்பம் மின்னியக்கியால் அழிவதில்லை. கூலி கட்டாமல் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போகும்போதே அழிகின்றது. நிறப்பொடியின் நஞ்சிலிருந்து அவன் சுவாசத்தைக் காப்பதும், விற்ற விலையில் நியாயமான பங்கை அவனுக்கு உறுதி செய்வதும், பிறப்பினாலன்றி விருப்பத்தினால் எவரும் இத்தொழிலைக் கற்க வழி செய்வதுமே கலையைக் காக்கும் வழிகள்.

உளி பிடித்தவன் பெயரே வரலாற்றிற் பெரும்பாலும் பதியவில்லை. கயிறு இழுத்தவன் இருந்தான் என்பதையே நாம் மறந்துவிட்டோம். ஆசிரியர்கள் மாணவரை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும்போது, சிமிழ் எந்த நூற்றாண்டுக்குரியது என்பதோடு நின்றுவிடாது, அதைச் சுழற்றியவர் யார், அவர் என்ன உண்டார், அந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்றும் கேட்கச் சொல்லட்டும். வரலாற்றுப் பாடம் அங்கேதான் தொடங்குகின்றது.