பங்கு மண்டபத்தில் பிறந்த கழகமும் அதன் பில்லி மக்நீலும்

விழா மலரிலே கால்பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் நாம் இங்கே சொல்லப் புகுவது ஒரு பங்கு மண்டபத்தில் பிறந்த கழகத்தின் வரலாறு; அந்தக் கழகத்தைத் தவிர வேறு எந்தக் கழகத்திற்கும் தொழில்முறையில் ஆடாத ஒரு வீரரை, அதன் ரசிகர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்திருக்கும் வரலாறு. ஆகவே பெரியோர் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். இளைஞரைப் பொறுக்கச் சொல்லத் தேவையில்லை.

ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் கிழக்குப் பகுதி, சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், ஏழைகளின் இருப்பிடம். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து 1845 முதல் வாட்டிய பெரும் பஞ்சத்திற்குத் தப்பி, கடல் கடந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் அங்கே நெருக்கியடித்துக் குடியிருந்தன. அங்கே திரு இருதயப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர் மரிஸ்ட் சபையைச் சேர்ந்த அருட்சகோதரர் வால்ஃபிரிட். அவரும் அயர்லாந்தில் பிறந்தவரே. பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று கண்ட அவர், பங்குகளில் பிள்ளைகளுக்கு மலிவாகச் சாப்பாடு போடும் பந்தியை நடத்தி வந்தார். பந்திக்குப் பணம் வேண்டுமே! 1887 நவம்பர் 6ஆம் நாள் மரியன்னை ஆலயப் பங்கு மண்டபத்தில் கூடிய கூட்டத்தில், ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கி, அதன் வருவாயைக் கொண்டு அந்தச் செலவை ஈடுகட்டுவது என்று முடிவாயிற்று. நிதி சேரவேண்டிய இடம் எது தெரியுமா? நமக்கும் நன்கு பழக்கமான வின்சென்ட் தே பவுல் சபையின் கிளைகள்! இவ்வாறு பிறந்ததுதான் செல்டிக் கழகம். 1888 மே மாதம் நடந்த முதல் ஆட்டத்திலேயே, பிற்காலத்தில் தன் பரம வைரியாக விளங்கப்போகும் ரேஞ்சர்ஸ் கழகத்தை 5-2 என்று வென்றது.

இனி நம் வீரரிடம் வருவோம். கிளாஸ்கோவுக்கு அருகே உள்ள பெல்ஷில் என்னும் ஊரில் 1940 மார்ச் 2ஆம் நாள் பிறந்தவர் பில்லி மக்நீல். தாய்வழிப் பாட்டனார் வீட்டார் லித்துவேனியாவிலிருந்து குடியேறியவர்கள். 1957இல் செல்டிக்கில் சேர்ந்தார், நெடிய உருவம், நடுவில் நின்று காக்கும் சென்டர் ஹாஃப். உயர வரும் பந்தைத் தலையால் முட்டுவதில் அவருக்கு நிகர் அரிது.

அவர் சேர்ந்த நேரமோ கெட்ட நேரம். ஆண்டுகள் பல உருண்டும் கழகத்திற்குக் கோப்பை எதுவும் கிட்டவில்லை. வேறு இடம் தேடலாமா என்ற எண்ணம் அவருக்கும் வந்ததுண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்த வேளையில், 1965 மார்ச்சில், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான ஜாக் ஸ்டீன் மேலாளராகத் திரும்பி வந்தார். (ஸ்டீன் புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்கர் தொடங்கிய கழகம் ஒருநாளும் பிறருக்குக் கதவடைக்கவில்லை.) அடுத்த மாதமே ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டம். எதிரணி டன்ஃபெர்ம்லின். இருமுறை பின்தங்கி இருமுறை சமன் செய்த நிலையில், ஆட்டம் முடிய ஒன்பது நிமிடமே இருக்க, கார்னரிலிருந்து வந்த பந்தை மக்நீல் எழும்பித் தலையால் முட்டினார். 3-2! அந்த ஒரு முட்டு கழகத்தின் தலையெழுத்தையே மாற்றிற்று என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. நமக்கும் அது மிகையாகத் தோன்றவில்லை. ஏனெனில் 1966 முதல் 1974 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து லீக் பட்டம் செல்டிக்குக்கே.

சிகரம் 1967 மே 25. நாள் வியாழக்கிழமை, நற்கருணைப் பெருவிழா. லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். எதிரே இத்தாலியின் இன்டர் மிலான். ஏழாம் நிமிடத்தில் பெனால்டியில் ஒரு கோல் வாங்கியும் மனம் தளராது, ஜெம்மெல், சால்மர்ஸ் ஆகியோரின் கோல்களால் 2-1 என்று வென்றது செல்டிக். அந்தப் பதினொரு பேரும் செல்டிக் மைதானத்திலிருந்து முப்பது மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள்! ரசிகர்கள் திடலுக்குள் வெள்ளமாய்ப் புகுந்துவிட்டதால், காப்டன் மக்நீல் கூட்டத்தைக் கடந்து சென்று, தனியே மேடையேறிக் கோப்பையை உயர்த்தினார். பிரிட்டானிய மண்ணின் கழகம் ஒன்று அக்கோப்பையைப் பெற்றது அதுவே முதன்முறை.

1975 மே 3ஆம் நாள், இன்னொரு ஸ்காட்டிஷ் கோப்பையை வென்ற கையோடு ஓய்வு பெற்றார். 790 ஆட்டங்கள், ஒன்றிலும் அவரை இடையில் மாற்றி வெளியே அழைத்ததில்லை.

பின்னர் இருமுறை மேலாளராகவும் பணியாற்றினார். 1983இல் சம்பள விஷயத்தில் நிர்வாகத்தோடு மனத்தாங்கல் ஏற்பட்டு இங்கிலாந்துக்குச் சென்றார். பட்டங்களைப் பெற்றுத் தந்தவரைப் போகவிட்டது நிர்வாகத்தின் பிழை என்பதே நம் எண்ணம். 1987இல் மீண்டும் அழைத்தபோது முகம் கோணாமல் வந்து, கழகத்தின் நூற்றாண்டு விழா ஆண்டிலேயே லீக், கோப்பை இரண்டையும் பெற்றுத் தந்தார். 1991இல் பதவி பறிபோயிற்று. நிர்வாகங்கள் மாறின, ரசிகர்கள் மாறவில்லை. 2015இல் மைதான வாயிலில் அவருக்குச் சிலை எழுந்தது, லிஸ்பன் கோப்பையை ஏந்திய கோலத்தில்.

அதற்குப் பின் நேர்ந்தது வேதனை. மறதி நோய் அவரைப் பற்றியிருப்பதை 2017இல் குடும்பத்தார் வெளியிட்டனர். லிஸ்பன் வெற்றியின் பொன்விழா ஆண்டும் அதுவே. ஆயிரமாயிரம் பேர் மறக்காத ஒன்றை, அதைச் செய்தவர் மறந்துகொண்டிருந்தார். பந்தைத் தலையால் முட்டி முட்டித்தான் இது வந்ததா என்று அவருடைய விஷயத்தில் உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. ஆயினும் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு, தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் இத்தகைய மூளை நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று கண்டது. 1965இன் அந்தக் கோலை எண்ணும்போது மனம் இப்போது சற்றே கனக்கிறது.

2019 ஏப்ரல் 22ஆம் நாள் மக்நீல் இறைவனடி சேர்ந்தார். சிலையைச் சுற்றிப் பச்சை வெள்ளைக் கழுத்துத் துண்டுகளும் மலர்களும் குவிந்தன. ஐந்து நாள் கழித்துச் செல்டிக் மைதானத்தில் கில்மார்னாக் அணியோடு ஆட்டம். மக்நீலின் எண் 5. (அக்காலத்தில் செல்டிக் வீரர்கள் எண்ணை முதுகில் அல்ல, கால்சட்டையில் அணிவர்.) அன்று 5ஆம் எண் அணிந்திருந்த சிமுனோவிச், 67ஆம் நிமிடத்தில், தலையால் முட்டி ஒரே கோலைப் போட்டார். 5, 67, தலைமுட்டு! தற்செயல் என்று சொல்லுவோர் செல்டிக் ரசிகர்களிடம் சென்று சொல்லிப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 29ஆம் நாள், லிஸ்பனில் வெற்றிக் கோலைப் போட்ட சால்மர்ஸும் மறைந்தார். மே 3ஆம் நாள், மக்நீல் கடைசியாக ஆடிய அதே தேதியில், இயேசு சபையாரின் புனித அலோசியஸ் ஆலயத்தில் அவருக்கு அடக்கத் திருப்பலி நிறைவேறியது. அங்கிருந்து ஊர்வலம் செல்டிக் மைதானத்திற்கு வந்தது. சிலையருகே ஆயிரக்கணக்கானோர், தாத்தாவும் பேரனுமாக, காத்து நின்று கழகத்தின் பாடலைப் பாடி அவரை வழியனுப்பினார்கள்.