பின்பனியும் பனிச்சரிவும்: மலையில் தங்கியவர்கள் யார்?

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, மாசியையும் பங்குனியையும் பின்பனிக்கு உரியவை என்கிறது. அங்கே பனி என்பது புல்நுனியில் தங்கும் ஈரம். இமயத்திலோ அதே இரு மாதங்கள் பனிச்சரிவுகள் மிகுந்த காலம். இந்தியப் பனிச்சரிவுகளின் வரலாற்றைக் கடுங்குளிரின் வரலாறாக மட்டும் வாசிப்பது அதனாலேயே பிழையாகிறது.

காரணம் எளிது. மேற்கத்தியக் காற்றுச் சுழற்சிகள் பிப்ரவரி, மார்ச்சிலும் பெரும்பனியைக் கொட்டுகின்றன. குளிர்காலம் முழுவதும் படிந்து இறுகிய பழைய அடுக்கின் மீது புதிய சுமை ஏறுகிறது. பகல் வெயிலில் உருகும் நீர் உள்ளிறங்கி அடுக்குகளின் பிணைப்பைத் தளர்த்துகிறது. இரவில் மேற்பரப்பு மீண்டும் உறைகிறது. தெளிந்த வானம் உள்ள நாளில் விடியலில் உறுதியாக நின்ற சரிவு பிற்பகலில் நிற்காது. முப்பது முதல் நாற்பத்தைந்து பாகைச் சாய்வுள்ள இடங்களே பெரிதும் அஞ்சத்தக்கவை. அதைவிடச் செங்குத்தான முகடுகளில் பனி பெருமளவு சேர்வதற்குள் உதிர்ந்துவிடுகிறது.

1979 மார்ச்சில் லாஹௌல் பள்ளத்தாக்கில் இருநூறுக்கும் மேற்பட்டோர் பனிச்சரிவுகளில் மாண்டனர். ரோஹ்தாங் கணவாய் மூடிக்கிடந்த பருவம் அது. பள்ளத்தாக்குக்குத் தரைவழி இல்லை. கணவாயின் தென்புறம், மணாலியில், பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டுப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. 1962 போருக்குப் பின் எல்லைச் சாலைகள் பெருகிய சூழலில், 1969இல், பாதுகாப்புத் துறையின் கீழ் பிறந்த நிறுவனம் அது. படையும் படைவழியும் அதன் முதற்கவலையாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பிறப்பு, பின்னர் யாருக்கு எச்சரிக்கை எழுதப்பட்டது என்பதையும் வடிவமைத்தது. 2020இல் அது வேறொரு ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டு, சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆய்வு நிறுவனமாயிற்று.

நிறுவனங்களுக்கு முன்பே மலைமக்களிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. பத்ரிநாத்தை அடுத்த மாணா ஊரார் குளிர்காலத்தில் கீழ்ப்பள்ளத்தாக்குகளுக்கு இறங்கி, கோயில் நடை திறக்கும் பருவத்தையொட்டி மேலேறுவர். நீதிப் பள்ளத்தாக்கின் மேலூர்களிலும் இதே வழக்கம். மேய்ச்சலும் வணிகமும் வகுத்த இடப்பெயர்வு இது என்று நூல்கள் கூறும். ஆயினும் அதன் விளைவு, ஆபத்தான மாதங்களில் அங்கே எவரும் இல்லாதிருப்பது. லாஹௌல் மக்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் குளிர்காலம் முழுவதும் தம் ஊரிலேயே இருந்தனர். இரண்டு பள்ளத்தாக்குகளின் வேறுபட்ட கதியை அறிய இந்த ஒப்பீடு பனியின் அளவைவிட உதவும்.

சாலை அந்த இல்லாமையை அழித்தது. 2021 ஏப்ரல் 23 அன்று நீதிப் பள்ளத்தாக்கின் சும்னா அருகே எல்லைச் சாலைப் பணியாளர் முகாமைப் பனிச்சரிவு தாக்கியது. சித்திரை பிறந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் பனியே காணாத ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள்.

மாணாவில் 2025 பிப்ரவரி 28 விடியலில் நிகழ்ந்தது இன்னும் கூர்மையானது. சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட பகுதிகளுக்குச் சண்டிகர் நிறுவனம் முந்தைய மாலையே எச்சரிக்கை விடுத்திருந்தது. கணிப்பு பொய்க்கவில்லை. ஆனால் அந்த அறிவிப்பின் அலகு மாவட்டமும் உயரமும்தான். இரும்புக் கொள்கலன்களில் உறங்கியவர்களுக்கு உரிய அலகு அவர்கள் படுத்திருந்த சரிவு. ஊரார் கீழே இருந்தனர். எட்டுப் பேர் இறந்தனர்.

குல்மார்க்கில் தடமற்ற சரிவுகளில் சறுக்கச் செல்வோருக்கு இன்று மூன்று பொருட்கள் கட்டாயம் என்று வழிகாட்டிகள் சொல்கின்றனர்: சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மண்வாரி. பனியில் புதைந்தவரை முதற்கால் மணி நேரத்திற்குள் எடுத்தால் பெரும்பாலும் உயிர் பிழைப்பார், அதன்பின் வாய்ப்பு வேகமாகச் சரியும் என்பதே இதன் அடிப்படை. வெளியிலிருந்து மீட்புப்படை வருமுன் அருகிலிருப்பவரே மீட்பர். இந்தக் கணக்கு விளையாட்டு வீரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒன்றே. அருகிலிருப்பவர் எத்தனை பேர் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். மாணாவில் முதலில் சொல்லப்பட்ட எண்ணிக்கை 57, பின்னர் அது 55 ஆனது. பணியிடத்திலிருந்து ஒருவர் முன்பே ஊருக்குப் போய்விட்டார் என்பது பிறகே தெரியவந்து, அது 54 ஆகத் திருத்தப்பட்டது.