ஆறாவது எண் தந்த பாடம்

4294967297. இந்தப் பத்திலக்க எண்ணைச் சற்று உற்று நோக்குங்கள். இது பகா எண்ணா? ஒற்றைப்படை எண்ணாதலால் 2 ஆல் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59. எனவே 3 ஆல் வகுபடாது. இறுதி இலக்கம் 7. எனவே 5 ஆலும் வகுபடாது. அதற்கு மேல்?

இவ்வெண் பிறந்த விதத்தை முதலில் பார்ப்போம். 2-இல் தொடங்கி, கிடைக்கும் எண்ணை மேலும் மேலும் வர்க்கப்படுத்துங்கள். 2, 4, 16, 256, 65536, 4294967296 என வரும். ஒவ்வொன்றுடனும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537, 4294967297 ஆகிய எண்கள் கிடைக்கும். இவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்களே. பிரெஞ்சு நாட்டின் துலூஸ் நகரில் நீதித்துறையில் பணியாற்றிய ஃபெர்மா, ஓய்வு நேரங்களில் கணித ஆராய்ச்சி செய்தவர். இவ்வரிசை எண்கள் யாவும் பகா எண்களாகவே இருக்கும் என்று 1640-இல் அவர் கருதினார். ஆனால் அதை நிறுவ அவரால் இயலவில்லை.

ஆறாவது எண்ணைச் சோதிப்பது அவ்வளவு கடினமா என்று கேட்பீர்கள். இதன் வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டும். அதற்குட்பட்ட பகா எண்கள் 6542. அத்தனையாலும் கையால் வகுத்துப் பார்ப்பதென்றால் யாருக்குத்தான் மலைப்பு வராது?

1729-இல் கோல்ட்பாக் என்ற அறிஞர், இளைஞர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் ஃபெர்மாவின் கருத்தைக் குறிப்பிட்டார். 1732-இல் ஆய்லர் முடிச்சை அவிழ்த்தார். இவ்வெண்ணுக்குப் பகாக் காரணி ஏதேனும் இருப்பின், அதை 64 ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும் என்பதைப் பின்னாளில் அவர் நிறுவிக் காட்டினார். இந்த விதியைக் கொண்டு பார்த்தால் முதலில் சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641 ஆகியவையே. ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது!

641 × 6700417 = 4294967297

தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஃபெர்மாவின் எண்ணம் வீணாகிவிடவில்லை. 1796-இல், பதினெட்டு வயதான காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்கங்களுடைய ஒழுங்குப் பலகோணம் வரைய இயலும் என நிறுவினார். அந்த 17 ஃபெர்மாவின் வரிசையில் மூன்றாவது எண் அல்லவா?

65537-க்கு அடுத்து வரும் 28 எண்களும் பகு எண்களே என்று இன்று அறிந்துள்ளோம். அப்படியானால் இவ்வரிசையில் இனிப் பகா எண்ணே கிடையாது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ஐந்து எண்களைக் கண்டு ஃபெர்மா செய்த தவற்றையே, இருபத்தெட்டைக் கண்டு நாமும் செய்தவர்களாவோம். எடுத்துக்காட்டுகள் எத்தனை சேர்ந்தாலும் அவை நிரூபணம் ஆகிவிடா. அந்த நிரூபணம் இன்னும் எவருக்கும் கிட்டவில்லை.