பகல் சாப்பாட்டுப் பொதியில் எவ்வளவு மரக்கறி?

கிருலப்பனையில் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருக்கிறேன். எங்கள் பிரிவிலுள்ள தமிழர்களில் பலர் வன்னியில் இருந்து நியமனம் பெற்று வந்தவர்கள். போரில் உயிர் தப்பிய இவர்கள், நாற்பது வயதுக்கு முன்னரே நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் குளிசை போடத் தொடங்கிவிட்டார்கள்.

நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 80 கிராம் ஒரு பங்கு என்று கொண்டால் ஐந்து பங்கு. இலங்கையில் 2015இல் நடத்தப்பட்ட தொற்றா நோய் ஆய்வில், வயது வந்தோரில் 70 வீதத்துக்கும் அதிகமானோர் இந்த அளவை எட்டவில்லை.

எங்கள் ஆட்கள் பிழைவிடும் இடம் ஒன்றுண்டு. உருளைக்கிழங்கு, மரவள்ளி, வற்றாளை எதுவும் இந்தக் கணக்கில் சேராது. அவை சோற்றைப் போல மாப்பொருள். பருப்பையும் சுகாதார அமைச்சின் உணவு வழிகாட்டி மீன், இறைச்சி, முட்டையோடுதான் சேர்க்கிறது. இவற்றைக் கழித்தால் கடைச் சோற்றுப் பொதியில் மிஞ்சுவது ஒரு கரண்டி போஞ்சிக் கறியும் ஒரு கிள்ளு வல்லாரைச் சம்பலும். ஒரு பங்குகூடத் தேறாது. காலையில் பாணும் பருப்பும், பத்து மணிக்கு ரோல்ஸும் சீனி போட்ட தேநீரும், இரவில் கொத்துரொட்டி. கொத்தில் எட்டிப்பார்க்கும் லீக்ஸை நம்பிப் பயனில்லை.

ஏன் சமைக்கவில்லை என்று கேட்பது இலகு. அநேகமானோர் இருப்பது அடுப்பு மூட்ட அனுமதியில்லாத வாடகை அறைகளில். சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகிறது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த வருடம் ஜூனில் அரசாங்கம், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தது. மாடி அறையில் இருப்பவர் எதில் கத்தரி நடுவது?

இதில் கசப்பான ஒன்று, கீரை எங்களுக்குப் புதிதல்ல என்பதுதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் முற்றத்து முருங்கையிலை வறையும் பொன்னாங்காணியும் பிள்ளைகளைக் காத்தன. பிறகு மெனிக் பாமில் அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி என்ற உலர் உணவில் மாதக்கணக்காக இருந்தார்கள். வயிறு நிறைந்தால் சாப்பாடு முடிந்தது என்ற பழக்கம் அங்கே ஊன்றியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அடுப்பில்லாமலும் கொஞ்சம் செய்யலாம். வெள்ளரி, தக்காளி, கரட் ஆகியவற்றுக்குக் கழுவ நீரும் ஒரு கத்தியும் போதும். நடுத்தர வாழைப்பழம் ஒன்று ஒரு பங்கு. கொய்யாவும் பப்பாசியும் அப்பிளை விட மலிவு. நீரிழிவு உள்ளவர்கள் பழத்தைச் சாறாக்காமல், அளவாக, அப்படியே சாப்பிடுவது நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசி வேண்டாம். நாங்கள் நான்கு பேர் முறைவைத்து, வேலை முடிந்து போகும்போது கிருலப்பனைச் சந்தையில் வாங்கி மறுநாள் பங்கிடுகிறோம். தனியாளுக்கு அரைப் பப்பாசி அழுகிப்போகும். நாலு பேருக்கு முழுப்பழமும் போதாது.

வடக்கில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களில் இலைக்கஞ்சி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கொழும்பு அலுவலகச் சிற்றுண்டிச்சாலைகளில் அப்படி ஒன்றை நான் காணவில்லை. எங்கள் சிற்றுண்டிச்சாலைக் குத்தகை புதுப்பிக்கப்படும்போது தினமும் ஒரு கீரைக்கறியும் ஒரு பழமும் கட்டாயம் என்ற நிபந்தனையைச் சேர்க்குமாறு எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.