ராய் தாம்சன்

ராய் ஹெர்பர்ட் தாம்சன் (1894–1976), கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து வட பகுதியில் சிறு வானொலி நிலையங்களையும் உள்ளூர்ச் செய்தித்தாள்களையும் நடத்தத் தொடங்கி, பின்னர் பிரிட்டனின் முதன்மையான இதழ் உரிமையாளர்களுள் ஒருவராக உயர்ந்த தொழிலதிபர் ஆவார். டொரன்டோவில் முடிதிருத்துநர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், பல தொழில்களில் ஈடுபட்டபின் நார்த் பே என்னும் ஊரில் வானொலிப் பெட்டிகளை விற்கலானார். அப்பகுதியில் தெளிவாகக் கேட்கக்கூடிய ஒலிபரப்பு அரிதாக இருந்தமையால், நிகழ்ச்சிகளைத் தாமே அளிக்க முனைந்து, 1931இல் அங்கே சி.எஃப்.சி.எச். நிலையத்தை நிறுவினார். 1934இல் டிம்மின்ஸ் என்னும் சுரங்க நகரத்தின் செய்தித்தாளை, 200 டாலர் முன்பணம் செலுத்தி, எஞ்சிய தொகையைத் தவணைகளில் தருவதாக ஒப்புக்கொண்டு வாங்கினார்.

இவ்விரு ஊடகங்களும் உள்ளூர் வணிகர்களின் விளம்பரக் கட்டணத்தையே முதன்மை வருவாயாகக் கொண்டவை. ஒரே நாளிதழ் வெளிவரும் சிறு நகரத்தில் கடைக்காரர் தம் சரக்கை அறிவிக்க வேறு இதழை நாட இயலாது என்பதால், தாம்சன் அத்தகைய ஊர்களின் இதழ்களையே பெரிதும் தேடி வாங்கினார். கணக்கு வழக்குகளை நுணுக்கமாகக் கண்காணித்த அவர், ஆசிரியர்களின் கருத்துகளில் தலையிடுவதில்லை என்பதைக் கொள்கையாகவே அறிவித்திருந்தார். இலாபத்தை முன்னிறுத்திய சிக்கனம் இதழ்களின் தரத்தைக் குறைத்தது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஆயினும் உரிமையாளரின் அரசியல் சார்பு இதழ்களின் நிலைப்பாட்டை வகுப்பது இயல்பாயிருந்த அக்காலத்தில், அவர் கடைப்பிடித்த இந்த விலகல் மதிக்கத்தக்கதே ஆகும்.

1953இல் கனடிய நாடாளுமன்றத் தேர்தலில் தோல்வியுற்ற அவர், எடின்பரோவின் 'ஸ்காட்ஸ்மன்' நாளிதழை வாங்கி ஸ்காட்லாந்தில் குடியேறினார். விளம்பரங்களால் இயங்கும் வணிகத் தொலைக்காட்சியில் முதலிடப் பலரும் தயங்கியபோது, அவர் அதற்கான உரிமத்தைப் பெற்று, 1957இல் ஸ்காட்டிஷ் தொலைக்காட்சியைத் தொடங்கினார். அது ஈட்டிய பெரும் இலாபம் அடுத்த விரிவாக்கத்துக்கு வலுச்சேர்க்க, 1959இல் 'சண்டே டைம்ஸ்' உள்ளிட்ட கெம்ஸ்லி இதழ்க் குழுமம் அவர் வசமாயிற்று. 1962இல் அவ்விதழுடன் வண்ண இணைப்பு வெளிவரத் தொடங்கியது. வளரும் நாடுகளின் இதழாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் தாம்சன் அறக்கட்டளையும் அதே ஆண்டில் நிறுவப்பட்டது. 1964இல் பிரபுப் பட்டம் பெற்ற அவர், இரு ஆண்டுகளுக்குப்பின் 'த டைம்ஸ்' நாளிதழையும் தம் குழுமத்தில் சேர்த்து, அதன் இழப்பைத் தம் குடும்பச் செல்வத்தால் ஈடுசெய்தார்.

1970களில் வடகடல் எண்ணெய்த் துரப்பணத்திலும் முதலிட்ட தாம்சன், 1976 ஆகஸ்ட் 4 அன்று இலண்டனில் காலமானார். அவர் உருவாக்கிய நிறுவனத்தின் வழிவந்த தாம்சன் குழுமம் 2008இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துடன் இணைந்தது. உள்ளூர் விளம்பரத்தை அடித்தளமாகக் கொண்டு பன்னாட்டு ஊடக நிறுவனம் ஒன்றை எழுப்ப முடியும் என்பதற்கு அவரது தொழில்வாழ்க்கை முதன்மையான சான்றாகும்.